பாடம் சொன்னவர்களும் பாடம் கேட்டவர்களும்

திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பிள்ளைகள் நெட்டுருப் போட்ட ‘வெற்றிவேற்கை’யை எழுதியவர் தென்காசியிலிருந்து ஆண்ட ஒரு பாண்டிய மன்னர். அதிவீரராம பாண்டியர் என்பது அவர் பெயர். காலம் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. நளன் கதையை ‘நைடதம்’ என்ற காவியமாகச் செய்தவர் அவர். காசி காண்டம், கூர்ம புராணம், இலிங்க புராணம் ஆகியவையும் அவர் பெயரில் உள்ளன. புலவர்கள் மருந்தென்று மதித்துப் படித்த நைடதத்தை எழுதிய அதே கை, அப்போதுதான் அரிச்சுவடி முடித்த சிறுவனுக்காகவும் ஒரு சிறு நூலை எழுதியது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் கல்வி வரலாற்றைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மதுரையை இழந்த பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கித் தென்காசியைத் தங்கள் ஊராக்கிக்கொண்டார்கள். அவர்களுள் பராக்கிரம பாண்டியர் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினார். வடக்கே காசி வரை போக முடியாதவர்களுக்குத் தெற்கே ஒரு காசி என்ற எண்ணத்தில் எழுந்த அந்தக் கோயிலால் ஊரின் பெயரும் நிலைத்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து அதிவீரராமர் ஆண்டபோது நாடு சுருங்கிவிட்டது. பேரரசு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கவிதைக்குக் குறைவில்லை. கரிவலம்வந்தநல்லூர் இறைவன் மேல் அந்தாதிகள் பாடிய வரதுங்கராம பாண்டியரும் அவர் குடும்பத்தவரே. ஆட்சி சிறுத்துக்கொண்டே வந்த ஒரு குடி தன் பெருமையை ஏட்டில் சேர்த்துவைத்தது.

வெற்றிவேற்கைக்கு ‘நறுந்தொகை’ என்றும் பெயர். பாயிரத்தின் தொடக்கச் சொற்களே ‘வெற்றிவேற்கை’ என்று நூலுக்குப் பெயராகி வழங்கின. எழுத்தைக் கற்பித்தவனைக் கடவுளின் இடத்தில் வைத்து நூல் தொடங்குகிறது. பிச்சை எடுக்க நேர்ந்தாலும் கல்வியைக் கைவிடக்கூடாது என்கிறது. எந்தக் குடியில் பிறந்தவனானாலும் கற்றவனையே மேலே வரச் சொல்லி அழைப்பார்கள் என்கிறது. இந்தக் கடைசிக் கருத்தைச் சங்க காலத்திலேயே ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் புறநானூற்றில் பாடியிருக்கிறான். அதே குலத்தில் பிறந்த இன்னொருவர் பல நூற்றாண்டுகள் கழித்து அதைச் சிறுவர்களின் நாவுக்கு ஏற்றபடி சுருக்கித் தந்தார்.

அந்த நூலின் வாசகங்கள் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியவை. சில இடங்களில் மட்டும் கருத்து விரிந்து உவமையாகிறது. பனம்பழத்தின் கொட்டை பெரிது. அது முளைத்து வளர்ந்தாலும் ஒருவர் ஒதுங்க நிழல் தராது. ஆலம்பழத்தின் விதை மீன் முட்டையைவிடச் சிறியது. அதிலிருந்து எழும் மரம் ஒரு படைக்கே நிழல் தரும். பனங்காட்டு நாட்டுச் சிறுவன் இரண்டையும் கண்ணால் கண்டவன். உருவம் பெரிதானதால் மட்டும் ஒருவர் பெரியவர் ஆகிவிடார் என்ற கருத்தை அவனுக்கு யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. இரண்டு பொருள்களை எதிரெதிரே வைத்து ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பதை, சொந்தமாக எழுதக் கற்கும் முன்னரே அவன் கற்றுக்கொண்டான்.

நூல் மட்டும் பாடம் ஆகிவிடாது. அதைச் சொல்ல ஒருவர் வேண்டும். தமிழில் பாடத்தைச் ‘சொல்லுவார்கள்’, ‘கேட்பார்கள்’. ‘இன்னாரிடம் இன்ன நூலைப் பாடம் கேட்டேன்’ என்பதே பழைய புலவர்கள் தங்கள் கல்வியைக் குறித்த முறை. எழுத்து ஏட்டில் இருந்தாலும் கல்வி வாய்க்கும் செவிக்கும் இடையில்தான் நடந்தது. திண்ணைப் பள்ளியும் மடமும், பின்னாளில் குற்றாலத்தில் ஒரு வீட்டுக் கூடமும் இந்த ஒரே முறையின் வெவ்வேறு வடிவங்கள்.

திண்ணைப் பள்ளி விடியுமுன் தொடங்கிவிடும். தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவது முதல் படி. கை படிந்த பிறகு பனையோலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெரியாது. கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால்தான் கீறலில் கருமை தங்கும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி என்று ஏறிச்சென்று சதகங்களுக்கும் நிகண்டுக்கும் போவார்கள். அமாவாசை, பௌர்ணமி போன்ற நாள்களில் விடுமுறை. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டக் கோல்களோடு வீடுவீடாகப் பாடிப் போய் வாத்தியாருக்குக் காசும் துணியும் சேர்த்துத் தருவார்கள். அதற்கு மானம்பூ என்று பெயர். தண்டனைகள் கடுமையானவை. கைகளைக் கட்டி உயரத்தில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையைப் பற்றிப் படிக்கும்போது இன்றும் மனம் பதறும்.

வீட்டுப்பாடமும் அன்றே இருந்தது. சோழநாட்டில் தாம் படித்த பள்ளிகளைப் பற்றி உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது உபாத்தியாயர் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். ‘வாது’ என்று அதற்குப் பெயர். அதை மறக்காமல் மறுநாள் காலையில் வந்து ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல்லை இரவு முழுவதும் நெஞ்சில் வைத்திருக்கப் பழக்கும் எளிய பயிற்சி இது. வீட்டில் எழுத்தறியாத தாயும் பாட்டியும்கூட அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நினைவூட்ட முடியும். ஓலை இல்லாமல், எழுத்தாணி இல்லாமல், செலவே இல்லாமல் பள்ளியை வீட்டுக்குள் கொண்டுபோன ஏற்பாடு அது.

பாடத்தில் துணை செய்தவன் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன் ஒருவனைக் கண்காணியாக வைத்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லச் செய்வார்கள். தான் நேற்றுக் கற்றதை இன்று இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுப்பவனுக்கு அது மறக்காது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் நடத்திப் பார்த்து, 1797இல் இலண்டனில் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. தொழிற்புரட்சிக் காலத்து ஏழைப் பிள்ளைகள் பல ஆயிரம் பேர் அந்த முறையில்தான் எழுத்துக் கூட்டினார்கள்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். அதாவது ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர் பள்ளியில் படித்தார். அன்றைய நிலையில் இது சிறிய எண் இல்லை. ஆனால் அந்தத் திண்ணைகளில் யார் உட்கார முடிந்தது என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் இல்லை. பெண் பிள்ளைகளைப் பள்ளியில் காண்பது மிக அரிது. எக்குடியில் பிறந்தாலும் கற்றவனே மேல் என்ற வாசகத்தைத் திண்ணையில் உரக்க ஓதினார்கள். தெருவில் நின்ற பிள்ளையை உள்ளே அழைக்கவில்லை.

அந்தத் தடையை மீறிக் கற்ற ஒருத்தியின் நினைவு தென்காசிக்கு மேற்கே செங்கோட்டையில் நிலைத்திருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த ஊர் அது. அங்கே 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதை அடுத்தோ வாழ்ந்தவர் ஆவுடை அக்காள். அவர் வாழ்க்கையைப் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் செவிவழிச் செய்திகள். விவரம் அறியாத வயதில் மணமாகி, அந்த வயதிலேயே கைம்பெண் ஆனார் என்கின்றன அவை. ஊர் என்ன சொன்னாலும் தாயார் வீட்டுக்குள்ளேயே எழுத்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார் என்றும், பின்னர் திருவிசைநல்லூர் ஸ்ரீதர அய்யாவாளிடம் உபதேசம் பெற்றார் என்றும் சொல்வார்கள். ஆடி அமாவாசையன்று குற்றால அருவியில் நீராடி மலைமேல் ஏறிப் போனவர் திரும்பவே இல்லை என்பதோடு கதை முடிகிறது.

கதை எப்படியும் இருக்கட்டும். பாடல்கள் இருக்கின்றன. வேதாந்தக் குறவஞ்சி, வேதாந்தக் கல்யாணம், வேதாந்த அம்மானை, சூடாலைக் கும்மி என்று அவர் எடுத்துக்கொண்ட வடிவங்கள் எல்லாம் பெண்கள் முற்றத்தில் பாடி ஆடியவை. அத்வைதம் என்ற கடினமான தத்துவம் வடமொழி பாஷ்யங்களில் இருந்தது. அந்தப் பக்கம் பெண்கள் போக முடியாது. ஆவுடை அக்காள் அதைக் கும்மியில் இறக்கினார். சூடாலை யோகவாசிஷ்டத்தில் வரும் அரசி. ஞானம் பெற்றுத் தன் கணவனுக்கே உபதேசம் செய்தவள். அந்தக் கதையைக் கைதட்டிக் கும்மியடிக்கும் பெண்களின் வாயில் கவியாக வைத்தார் என்பதை நினைக்கும்தோறும் வியப்பு உண்டாகிறது. எச்சில், தீட்டு, மடி என்று ஒவ்வொரு நாளும் தம்மைக் கட்டிப்போட்ட வழக்கங்களைத் தத்துவத்தின் துணையோடு அவர் கேள்வி கேட்டார். தம் வாழ்வின் துயரத்தைத் தனியாகப் புலம்பாமல் எல்லாப் பெண்களும் பாடக்கூடிய பாட்டாக்கினார்.

இந்தப் பாடல்கள் தாமிரபரணிக் கரையெங்கும் அக்கிரகாரத்துப் பெண்களிடம், சிறப்பாகக் கைம்பெண்களிடம், வாய்வழியாக வாழ்ந்தன. மாமியார் மருமகளுக்கும் அத்தை மருமாளுக்கும் பாடம் சொன்னார்கள். அம்மி அரைக்கும்போதும் விடியற்காலையில் குளத்துக்குப் போகும்போதும் தத்துவப் பாடம் நடந்தது. தேர்வு இல்லை, வாத்தியார் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த வேங்கடராம சாஸ்திரிகள் இவற்றைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். பெண்களின் நினைவு இல்லாமல் போயிருந்தால் அச்சுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள சிற்றூர் மேலகரம். திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இவ்வூர்க்காரர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அந்த நாடகத்துக்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் வழங்கியது. குற்றால மலையின் வளத்தைக் குறத்தி வாயால் சொல்லும் பகுதியைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் பலர் இன்றும் மறக்கவில்லை. அருவியைக் கண்ணால் காணுமுன் பாட்டில் கண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அதே மேலகரம் தமிழ்க் கல்விக்கு இன்னொருவரையும் தந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவராக 1869 முதல் 1888 வரை விளங்கிய சுப்பிரமணிய தேசிகர் ‘மேலகரம்’ என்ற அடைமொழியோடுதான் அறியப்படுகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர் காலத்தில் மடத்தில் இருந்து மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். 1876இல் பிள்ளை மறைந்த பிறகு அவர் மாணவர் உ.வே.சாமிநாதையரைத் தேசிகர் மடத்திலேயே இருத்திக்கொண்டு தாமே பாடம் சொன்னார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்தபோது மனமில்லாமல் அனுப்பிவைத்தார். சைவ சித்தாந்த சாத்திரங்களும் இலக்கண இலக்கியமும் மடத்தில் பிரிந்து இருக்கவில்லை. தத்துவத்தைப் படிப்பவன் யாப்பு அறிந்திருக்க வேண்டும்; செய்யுள் எழுதுபவன் பதி, பசு, பாசம் என்ற மூன்றின் தன்மையை அறிந்திருக்க வேண்டும். ஒரு செய்யுளுக்கு உரை சொல்லும்போதே இரண்டும் நடந்தன. சங்க நூல்களைத் தேடிப் பதிப்பித்த சாமிநாதையரின் உழைப்புக்கு அடியில் மேலகரத்துக்காரர் ஒருவரின் பாடமும் பரிவும் இருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் புதிய பள்ளிகள் வந்தன. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். பெண் பிள்ளைகளையும், திண்ணையில் இடம் கிடைக்காத சாதிகளின் பிள்ளைகளையும் மிஷன் பள்ளிகள் சேர்த்துக்கொண்டன. தென்காசிப் பக்கத்தில் சுரண்டையும் நல்லூரும் அவ்வகையில் மிஷன் ஊர்கள். பின்னர் அரசும் ஊர்ப் பெரியவர்களும் நடத்திய பள்ளிகள் பெருகின. அவற்றோடு ‘வியாசம்’ என்ற புதிய பயிற்சியும் வந்தது. ஒரு தலைப்பைக் கொடுத்து, அதைப் பற்றி உரைநடையில் சொந்தமாக எழுதச் சொல்லும் வழக்கம் திண்ணைக்குத் தெரியாதது. மனப்பாடம் செய்தே பழகிய பிள்ளைக்குத் ‘தானாக எழுது’ என்ற கட்டளை திகைப்பைத் தந்தது. என்ன சொல்வது, எந்தத் தமிழில் சொல்வது என்று தெரியாமல் அகராதிச் சொற்களை அடுக்கினான்.

இந்தத் திகைப்பைப் போக்கத் துணைநூல்கள் எழுந்தன. திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த கோனார் தமிழ் உரை அவற்றுள் தலையானது. ‘கோனார் நோட்ஸ்’ இல்லாத வீடு அரிது என்னும் அளவுக்குப் பரவியது. பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு, வினா விடை என்று பாட்டைப் பிரித்து வைத்து, வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு ஆசிரியரின் இடத்தில் நின்றது. படிப்பறிவில்லாத வீட்டிலிருந்து வந்து தமிழில் தேறியவர்கள் பலருக்கு அது செய்த உதவி பெரிது. ஆனால் பாட்டைக் காதால் கேட்கும் இன்பத்தை எந்த உரைநூலாலும் தர முடியாது. அந்த வேலையைச் செய்ய ஒரு மனிதர் குற்றாலத்தில் இருந்தார்.

டி.கே. சிதம்பரநாத முதலியாரை ‘ரசிகமணி’ என்றும் டி.கே.சி. என்றும் தமிழுலகம் அறியும். சட்டம் படித்தவர், வக்கீல் தொழிலில் ஊன்றவில்லை. சென்னைச் சட்டமன்ற மேலவையில் இருந்தார். 1930களின் முற்பகுதியில் அறநிலையத் துறை ஆணையராகப் பணியாற்றினார். இவை அவரை நினைவில் வைக்கப் போதுமான காரணங்கள் ஆகா. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் 1920களில் நண்பர்கள் கூடத் தொடங்கினார்கள். ஞாயிறு மாலைகளில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு இடத்தின் பெயரே பெயரானது: வட்டத்தொட்டி. தலைவர் இல்லை, தீர்மானம் இல்லை, உறுப்பினர் சந்தா இல்லை. ஒரு கம்பன் பாட்டு, அல்லது முத்தொள்ளாயிரத்திலிருந்து ஒரு வெண்பா. டி.கே.சி. அதைச் சொல்வார். திரும்பச் சொல்வார். மறுபடியும் சொல்வார்.

அந்தத் திரும்பச் சொல்லுதலில்தான் அவர் முறை முழுவதும் இருந்தது. பாட்டின் பொருளை முதலில் பிரித்துச் சொல்லிவிட்டால் கேட்பவர் பாட்டைக் கேட்க மாட்டார் என்பது அவர் கருத்து. முதலில் பாட்டு எழும் சூழ்நிலையைப் பேச்சுத் தமிழில் விரிப்பார்: யார் பேசுகிறார், யாரிடம், முகம் எப்படி இருக்கிறது. கேட்பவர் மனம் அந்த இடத்துக்குப் போன பிறகே பாட்டு வரும். தாளம் எங்கே விழுகிறதோ அங்கே நிறுத்தி, எந்தச் சொல் உயிரானதோ அதில் அழுத்தம் கொடுத்துச் சொல்வார். அச்சிலும் இதையே செய்தார். சீர்களை மரபுப்படி நெருக்கி அடுக்காமல், குரல் நிற்கும் இடத்தில் வரியை உடைத்துப் போட்டார். செய்யுளைக் கண்டாலே அஞ்சும் வாசகருக்கு அந்த வெற்றிடம் பெரிய உதவி.

எழுதக் கற்பவருக்கு அவர் சொன்னதும் இதே வழிதான். பேசும் தமிழை ஒதுக்கிவிட்டு எழுதும் தமிழ் உயிரற்றது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆங்கிலத்தில் சிந்தித்துத் தமிழில் பெயர்த்து எழுதும் படித்தவர்களின் நடை அவருக்குப் பிடிக்காது. தாய்மொழியில் பாடம் நடக்காத வரையில் பிள்ளைகளின் சிந்தனை வளராது என்று மேடையிலும் கட்டுரையிலும் ஓயாமல் வாதாடினார். 1941இல் வெளிவந்த ‘இதய ஒலி’ அவர் நடைக்கு நல்ல சாட்சி. ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் அதன் கட்டுரைகள் நகர்கின்றன.

பதவியிலிருந்து விலகிய பின் அவர் குற்றாலத்தில் தங்கினார். ஐந்தருவிப் பாதையில் இருந்த அந்த வீட்டுக்கு ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையைத் தாண்டி வரும் காற்றில் சாரல் அடிக்கும். காலையில் அருவிக் குளியல், பிறகு இலை போட்டு உணவு, பிறகு கம்பன். குற்றாலத்துச் சீசனுக்கு வருபவர்கள் உடம்புக்காக வந்தார்கள். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் ஊர் திரும்பும்போது நாலைந்து பாட்டுகளை வாயில் கொண்டுபோனார்கள்.

வர முடியாதவர்களுக்குக் கடிதம் போனது. டி.கே.சி.யின் கடிதங்கள் தமிழில் தனி இலக்கியம். நீதிபதி எஸ். மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான், மீ.ப. சோமு, கல்கி, ராஜாஜி என்று பெறுபவர்கள் பலர். சாரல் எப்படி இருக்கிறது, வீட்டுக்கு யார் வந்தார்கள், குழந்தை என்ன சொன்னது என்று தொடங்கும் கடிதம், எதிர்பாராத இடத்தில் ஒரு பாட்டுக்குள் நுழையும். பாட்டின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் போகும். பிறகு மீண்டும் வீட்டுச் செய்தி. எழுதப் பழகும் இளைஞர் ஒருவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. தன் வாழ்க்கையைச் சொல்வதும் ஒரு நூலைப் பற்றிச் சொல்வதும் ஒரே மூச்சில் நடக்கலாம் என்று அந்தக் கடிதங்கள் காட்டின. 1941இல் அவர் மகன் இளவயதில் இறந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆறுதலாகக் கவிதை எழுதி அனுப்பினார். அந்தத் துயரத்திலும் கவிதையின் அழகைத் தந்தை உணர்ந்து போற்றினார்.

பதிப்பாசிரியராக அவரைப் பின்பற்ற முடியாது. கம்பனின் பெயரில் உள்ள பாட்டுகளில் தம் செவிக்கு ஒவ்வாதவற்றை எல்லாம் பிறர் செருகியவை என்று தள்ளினார், சொற்களையும் மாற்றினார். சுவடிச் சான்று இல்லாமல் செய்த இந்தத் திருத்தங்களைத் தமிழறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது சரி. ஆனாலும் பாட்டைப் படித்துக் காட்டி, ஒருவர் மனத்தில் தமிழ்மேல் ஆசை உண்டாக்கும் வேலையில் அவருக்கு இணையாக இன்னொருவரைச் சொல்வது கடினம். சுவடியைத் திருத்துவதற்கு வேண்டிய கட்டுப்பாடு வேறு, மாணவன் கண்ணைத் திறப்பதற்கு வேண்டிய பரவசம் வேறு.

1954 பிப்ரவரி 16 அன்று டி.கே.சி. குற்றாலத்தில் மறைந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்கள் அவரவர் துறையில் எழுதினார்கள். வருவாய்த் துறை அதிகாரியாக இருந்த பாஸ்கரத் தொண்டைமான், தஞ்சையில் 1951இல் கலைக்கூடம் அமையக் காரணமானவர். பின்னர் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்று கோயில் கோயிலாகப் போய் எழுதினார். சிற்பத்தையும் தலவரலாற்றையும் பக்கத்தில் நடந்து வருபவரிடம் பேசுவதுபோல் சொல்லும் அந்த நடையில் வட்டத்தொட்டி இருக்கிறது. இடைசெவலிலிருந்து குற்றாலத்துக்கு வந்து டி.கே.சி.யோடு பழகிய கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுப் பேச்சையே எழுத்தாக்கினார். மக்கள் வாயில் இருந்த சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். அவர் பத்திரிகையில் எழுதிய கட்டுரைத் தொடருக்குக் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்று பெயர். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத ஒருவர் தன் ஊரின் கதையைத் தன் ஊர் மொழியில் சொல்லலாம் என்ற துணிவு அதன்பின் தென்மாவட்டங்களில் பலருக்கு வந்தது.

குற்றாலநாதர் கோயிலின் சார்பில் 1964இல் குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கியது. ஆவுடை அக்காள் நடந்த மலையடிவாரத்தில் சுற்றுப்பட்டிப் பெண்கள் பட்டப் படிப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். பலர் தங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். 1980களின் இறுதியிலிருந்து குற்றாலம் இளங்கவிஞர்கள் கூடும் இடமாகவும் ஆனது. கவிஞர் கலாப்ரியா ‘பதிவுகள்’ என்ற பெயரில் நடத்திய சந்திப்புகளில் புதியவர்கள் தங்கள் கவிதையை மூத்தவர்கள் முன் படித்தார்கள். விவாதம் இரவு நெடுநேரம் நீண்டது. ஜெயமோகன் நடத்திய தமிழ், மலையாளக் கவிஞர் சந்திப்புகளும் இங்கே நடந்துள்ளன. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். இரண்டு மொழிக் கவிஞர்களும் வந்து சேர வசதியான இடம்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டே கொரோனாவால் பள்ளிகள் மூடின. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பள்ளியைப் பார்க்காத தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எழுத்தையே மறக்கத் தொடங்கியபோது, தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் முடிந்த பிறகு, மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம், அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சமுதாயக் கூடம், மரத்தடி, வீட்டு வாசல் என்று கிடைத்த இடத்தில் பாய் விரித்து, பாட்டும் கதையும் விளையாட்டுமாக வகுப்பு நடந்தது. யாருக்கும் தடையில்லாமல் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அருகருகே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, வீட்டுப்பாடம் எழுதி, தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டு இருட்டுமுன் கலைந்தார்கள்.